மேல்நிலை ஆங்கில வகுப்பில் கவிதையும் ஷேக்ஸ்பியரும்: பேச்சை எங்கே தொடங்குவது?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் கவிதைக்குப் பொருள் சொல்லி முடித்ததும் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் பகுதி என்றால் இன்னும் மோசம், அந்த மொழியே கடினம். மாணவர்கள் கைடில் உள்ள சுருக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள். தேர்வை நினைத்தால் எனக்கும் கவலையாக இருக்கிறது. இந்த வகுப்பில் கலந்துரையாடல் என்று ஒன்று நடக்குமா? நடக்குமென்றால் எங்கே தொடங்குவது?"

நடக்கும். மாணவர்களின் ஆங்கிலம் போதாததுதான் அந்த அமைதிக்குக் காரணம் என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. நாம் கேட்கும் கேள்விதான் காரணம். "இந்தக் கவிதையின் மையக்கருத்து என்ன?" என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு, அதுவும் கைடில் அச்சாகிக் கிடக்கிறது. விடை தெரிந்த பிள்ளைக்கு அதைப் பேசித்தீர வேண்டிய தேவை இல்லை, தெரியாத பிள்ளைக்கு வாய் திறக்கத் துணிவில்லை. அப்புறம் வகுப்பில் யார்தான் பேசுவார்கள்?

மையக்கருத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் கேட்க வேண்டியவை மிக எளிய கேள்விகள். பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? எந்த இடத்தில், எந்த நேரத்தில்? கேட்டுக்கொண்டிருந்தவர் அதன்பின் என்ன செய்தார்? நம் பிள்ளைகளுக்கு இவை புதிய கேள்விகளே அல்ல. தமிழ் வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் படித்தால், அது தலைவி கூற்றா தோழி கூற்றா, யாரைப் பார்த்துச் சொன்னது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவை தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. இத்தனை கூர்மையான கருவியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள், மணி அடித்து அடுத்த பாடவேளையில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் அதைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அது இங்கேயும் செல்லும் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பிளஸ் டூவுக்கு 2019-இல் வந்த ஆங்கிலப் பாடநூலில் 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' இருக்கிறது. 28 வரிகள். உலகம் ஒரு நாடக மேடை, மனிதர்கள் நடிகர்கள், ஒருவன் தன் வாழ்நாளில் ஏழு வேடங்கள் போடுகிறான் என்ற பேச்சு. வகுப்பில் நாம் வழக்கமாகச் செய்வது ஏழு பருவங்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு உவமையைக் குறிப்பதுதான். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த 28 வரிகளும் ஒரு நாடகத்தின் நடுவிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவை என்பதை வகுப்புக்குச் சொன்னால் எல்லாமே மாறிவிடும்.

'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சி. தம்பியிடம் ஆட்சியைப் பறிகொடுத்த டியூக் ஒருவர் ஆர்டன் காட்டில் தம் ஆட்களோடு உணவுக்கு உட்கார்ந்திருக்கிறார். கையில் வாளோடு ஓர் இளைஞன் பாய்ந்து வருகிறான், பெயர் ஆர்லாண்டோ. சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்று மிரட்டுகிறான். டியூக் கோபப்படவில்லை; உட்கார்ந்து சாப்பிடு என்கிறார். இளைஞன் வெட்கப்பட்டு வாளை அடக்குகிறான். ஆனாலும் சாப்பிடவில்லை. என்மேல் கொண்ட அன்பினால் மட்டுமே என்னோடு நடந்து வந்த முதியவர் ஒருவர் பசியால் சோர்ந்து கிடக்கிறார், அவர் உண்ணும்வரை நான் ஒரு கவளமும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துவரப் போகிறான். துன்பப்படுவது நாம் மட்டுமல்ல, இந்த உலக மேடையில் நம் காட்சியைவிடத் துயரமான காட்சிகளும் உண்டு என்கிறார் டியூக். அந்த மேடைப் படிமத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜேக்விஸ் என்பவர் தம் ஏழு பருவப் பேச்சைத் தொடங்குகிறார். எதைப் பார்த்தாலும் அதில் சலிப்பையே காண்கிற மனிதர் அவர்.

அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது? பல் இல்லை, கண் இல்லை, சுவை இல்லை, எதுவுமே இல்லை என்று முதுமையை வெறும் இழப்பாக்கி முடிகிறது. பாடநூலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நாடகம் நிற்கவில்லை. அடுத்த நொடியே ஆர்லாண்டோ அந்த முதியவரைத் தாங்கிக்கொண்டு மேடைக்கு வருகிறான். அவர் பெயர் ஆடம். 17 வயதில் வேலைக்கு வந்து, ஏறக்குறைய 80 வயதுவரை ஒரே வீட்டில் உழைத்தவர். மூத்த அண்ணனின் கொடுமையிலிருந்து ஆர்லாண்டோவைக் காப்பாற்ற, வாழ்நாள் முழுவதும் சேர்த்த 500 கிரவுன் நாணயங்களை அவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு அவனோடு புறப்பட்டவர். டியூக் அவரை மதிப்போடு வரவேற்று, முதலில் அவருக்கு உணவு கொடுங்கள் என்கிறார்.

இப்போது வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள்: முதுமையில் எதுவுமே மிஞ்சாது என்று ஜேக்விஸ் சொன்னது உண்மையா? ஷேக்ஸ்பியர் ஏன் சரியாக அந்த வரி முடிந்ததும் ஆடமை உள்ளே அனுப்புகிறார்? இந்தக் கேள்விக்குக் கைடில் விடை இல்லை, ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ ஒரு விடை இருக்கும். ஜேக்விஸ் சொன்னது உடலைப் பற்றி, அது சரிதான் என்று ஒருவர் சொல்வார். ஆடமும் பசியால் விழத்தானே செய்தார், அப்படியானால் ஜேக்விஸ் சொன்னதில் என்ன தவறு என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேருக்கும் வரிகளிலிருந்து சான்று கேளுங்கள். வகுப்பில் கலந்துரையாடல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்தப் பகுதியில் தோண்டத் தோண்ட வருகிறது. ஆண்களும் பெண்களும் நடிகர்களே என்று தொடங்குகிறவர், ஏழு பருவங்களையும் ஓர் ஆணுக்கே கொடுத்துவிடுகிறார். பள்ளிக்கூடச் சிறுவன், காதலன், சிப்பாய், நீதிபதி எல்லாரும் ஆண்கள். பெண் வருவது குழந்தையை ஏந்தும் செவிலியாகவும், புருவத்தைப் பற்றிப் பாட்டெழுதப்படும் காதலியாகவும் மட்டும். மாணவிகள் இதைத் தாங்களாகவே கவனிப்பார்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்காமல் சற்றுக் காத்திருங்கள். ஒரு பெண்ணுக்கு ஏழு பருவம் எழுதுங்கள் என்று சொன்னால் வருகிற கட்டுரைகளைப் படிக்க உங்களுக்கே ஆசையாக இருக்கும். அதோடு இந்த நாடகத்தின் நாயகி ரோசலிண்ட் ஆண் வேடமிட்டுக் காட்டுக்குள் திரிகிறாள் என்பதையும், ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே நடித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெண்ணாக நடிக்கும் சிறுவன், ஆணாக நடிக்கும் பெண்ணாக நடிக்கிறான். ஒருவன் பல வேடம் போடுகிறான் என்ற வரி அந்த மேடையில் எப்படி ஒலித்திருக்கும் என்று அவர்களே யோசிக்கட்டும்.

நீதிபதியின் தொப்பைக்குள் நல்ல கேப்பன் கோழி இருப்பதாக ஒரு வரி. விதை நீக்கிக் கொழுக்க வைத்த சேவல் அது. அந்தக் காலத்தில் நீதிபதிகளுக்குக் கையூட்டாகப் போனது உண்டு. இதைச் சொன்னால் போதும், நீதிபதியைப் பற்றிக் கவிஞர் என்ன நினைத்தார் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

பிளஸ் ஒன் புத்தகத்தில் உள்ள 'த ஹாலோ கிரவுன்' இதைவிடவும் வகுப்புக்கு ஏற்றது என்பது என் கருத்து. 'ரிச்சர்ட் த செகண்ட்' நாடகத்தின் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியிலிருந்து எடுத்தது. கல்லறைகளைப் பற்றியும் புழுக்களைப் பற்றியும் பேசுவோம் என்று மன்னன் சொல்கிற பகுதி. "செல்வம் நிலையாமை, அதிகாரம் நிலையாமை" என்று கைடு இதற்கு ஒரு வரியில் முத்திரை குத்திவிடும். பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள். அந்த முத்திரையைக் கழற்றுவதற்கு ஒரே வழி, மன்னனைச் சுற்றி நிற்பவர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான்.

ரிச்சர்ட் அயர்லாந்துப் போரிலிருந்து திரும்பி வேல்ஸ் கரையில் இறங்கியிருக்கிறான். அவன் நாடு கடத்திய உறவினன் போலிங்புரூக், அவனை எதிர்த்துப் படையோடு திரும்பிவிட்டான். காட்சியின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மண்ணைத் தொட்டு மகிழ்கிறான். கடல்நீர் முழுவதும் திரண்டாலும் மன்னனின் தலையில் பூசிய புனித எண்ணெயைக் கழுவ முடியாது என்கிறான். உடனே செய்தி வருகிறது: அவனுக்காகக் காத்திருந்த 12,000 வேல்ஸ் வீரர்கள், மன்னன் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுக் கலைந்துபோய்விட்டார்கள். அவன் வந்தது ஒரே ஒரு நாள் தாமதம். அடுத்த செய்தி: நாட்டில் இளையவர் முதியவர் எல்லாரும் எதிரியின் பக்கம். அடுத்தது: அவனுக்கு நெருக்கமான மூவரின் தலைகள் வெட்டப்பட்டுவிட்டன. அப்போது ஒருவன், என் தந்தை யார்க் எங்கே, அவர் படை எங்கே என்று கேட்கிறான். போர்க்களத்துக்கான மிக நடைமுறையான கேள்வி அது. அந்தக் கேள்விக்கு ரிச்சர்ட் தருகிற விடைதான் நம் பாடப்பகுதி. ஆறுதலைப் பற்றி யாரும் பேசாதீர்கள், தரையில் உட்கார்ந்து மன்னர்கள் செத்த கதைகளைச் சொல்லுவோம் என்கிறான்.

ஒரு மாணவரை ரிச்சர்டாக நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். தரையில் உட்காருவோம் என்ற வரி வரும்போது அவர் உண்மையாகவே தரையில் உட்காரட்டும். நான்கைந்து பேர் சுற்றி நிற்கட்டும். ஒருவர் பிஷப், ஒருவர் பிரபு, மற்றவர்கள் சிப்பாய்கள். படித்து முடித்ததும் ரிச்சர்டைக் கேட்காதீர்கள், சிப்பாய்களைக் கேளுங்கள்: "நாளை உயிரைக் கொடுக்க வந்திருக்கிறாய். உன் மன்னன் இப்படிப் பேசுகிறான். உனக்கு என்ன தோன்றுகிறது?" ஓடிவிடுவேன் என்று ஒருவர் சொல்வார். பாவம், இப்போதுதான் இவர் மனிதராகத் தெரிகிறார், நான் இவரோடு இருப்பேன் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே நாடகத்தில் இருக்கின்றன. அறிவுள்ளவர்கள் உட்கார்ந்து புலம்புவதில்லை என்று பிஷப் அடுத்த வரியிலேயே மன்னனைக் கடிந்துகொள்கிறார். கவிதையாக இத்தனை அழகான பேச்சு, அரசியலாக எத்தனை பெரிய பேரிடர் என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கிறது.

கிரீடத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் மரணம் கோமாளியைப் போல உட்கார்ந்து அரசவை நடத்துகிறது, மன்னனைச் சற்று நேரம் ஆட விட்டு, கடைசியில் ஒரு சிறு ஊசியால் கோட்டைச் சுவரைத் துளைத்துவிட்டுப் போகிறது என்ற படிமத்துக்கு நேரம் கொடுங்கள். இதில் கோட்டை எது, ஊசி எது என்று கேளுங்கள். பின்னர் கடைசி வரிகளுக்கு வாருங்கள்: நானும் உங்களைப்போல் ரொட்டி தின்கிறேன், துயரப்படுகிறேன், எனக்கும் நண்பர்கள் வேண்டும், என்னை எப்படி மன்னன் என்று சொல்கிறீர்கள்? இதே காட்சியின் தொடக்கத்தில் புனித எண்ணெயைப் பற்றிப் பேசிய அதே வாய் இது.

இது வெறும் பழங்கதை இல்லை என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது. எலிசபெத் அரசிக்கு எதிராக எசெக்ஸ் பிரபு கிளர்ச்சி செய்ததற்கு முந்தைய நாள், 1601 பிப்ரவரி 7 அன்று, அவருடைய ஆதரவாளர்கள் ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து, ரிச்சர்ட் மன்னன் அரியணை இழக்கும் நாடகத்தை நடிக்கச் செய்தார்கள். கிளர்ச்சி தோற்றது, அந்த மாதமே எசெக்ஸின் தலை போனது. ரிச்சர்ட் முடி துறக்கும் காட்சி எலிசபெத் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவில்லை, 1608-இல்தான் வந்தது. ஒரு மன்னன் தரையில் உட்கார்ந்து அழுவதை மேடையில் பார்ப்பது ஏன் ஆபத்தானது என்று கேட்டுப் பாருங்கள். வரலாற்றுப் பிரிவு மாணவர்கள் விடமாட்டார்கள்.

மொழி கடினம் என்று எழுதியிருந்தீர்கள். கடினம்தான். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் பொருள் எழுதிப் போட்டுவிட்டுப் படிக்கத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் நீங்கள் உரக்கப் படியுங்கள், நிறுத்தங்களோடு, நிதானமாக. பொருள் புரிவதற்கு முன்பே குரலிலிருந்து கோபமா துயரமா என்பது தெரிந்துவிடும். ரிச்சர்டின் வரிகளில் அடிக்கு ஐந்து அழுத்தம் விழுவதை மேசையில் தட்டிக் காட்டலாம். எதுகை மோனையில் பழகிய காதுகள் இதை விரைவில் பிடித்துக்கொள்ளும். யாப்பின் பெயர்களை அதற்குமேல் துருவ வேண்டாம்.

டென்னிசனின் 'யுலிஸஸ்' கவிதையிலும் கேட்பவர் யார் என்ற கேள்வியே கதவைத் திறக்கிறது. பேசுபவர் யுலிஸஸ், நெடும்பயணம் முடிந்து ஊர் திரும்பிய முதிய கிரேக்க மன்னர். முதல் பகுதியில் அவர் தமக்குத்தாமே பேசுவதுபோல் இருக்கிறது. நடுவில் இதோ என் மகன் டெலிமாக்கஸ் என்று யாருக்கோ அறிமுகம் செய்கிறார். கடைசியில் நண்பர்களே வாருங்கள் என்று மாலுமிகளை அழைக்கிறார். ஹோமரின் கதைப்படி யுலிஸஸ் தனியாகத்தான் ஊர் திரும்பினார். அவரோடு போன தோழர்கள் எல்லாரும் வழியிலேயே மாண்டுவிட்டார்கள். அப்படியானால் என்னோடு உழைத்த நண்பர்களே என்று அவர் கூப்பிடுவது யாரை? இதற்கு முடிந்த முடிவான விடை இல்லை. அதனால்தான் இது நல்ல கேள்வி. நெருங்கிய நண்பர் ஆர்தர் ஹாலம் திடீரென இறந்த 1833-இல், 24 வயதில், டென்னிசன் இதை எழுதினார் என்பதை விவாதத்தின் பிற்பாதியில் சொல்லுங்கள். முதுமையைப் பற்றிய இந்தக் கவிதையை எழுதியவர் உங்கள் அண்ணன் வயதுக்காரர் என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

தளராதே என்று முடியும் அதன் கடைசி வரி, தென்துருவப் பயணத்தில் இறந்த ஸ்காட்டின் குழுவுக்காக 1913-இல் அண்டார்டிகாவில் நட்ட சிலுவையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊக்க வாசகமாக அது நிலைத்துவிட்டது. ஆனால் அந்த வரியைச் சொல்பவர் மனைவியை முதியவள் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டு, நாட்டை மகன் தலையில் வைத்துவிட்டுப் போகிறவர். டெலிமாக்கஸ் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. வேலைக்காக வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். கேள்வியை டெலிமாக்கஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தன் வீட்டை நினைத்து எழுத விரும்புகிற பிள்ளை அவனுடைய குரலில் எழுதிக்கொள்ளும். அந்த மறைப்பு அதற்குத் தேவை.

தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையைச் சுற்றுச்சூழல் பாடமாக நடத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலைப்பாம்புபோல் கொடி சுற்றிய அந்தப் பெரிய மரத்தின் வருணனைதான் முதலில் வருகிறது, உண்மை. ஆனால் மூன்றாம் பத்தியில் மரம் எனக்குப் பிரியமானது அதன் பிரம்மாண்டத்தால் அல்ல என்று சொல்லிவிட்டு, தன்னோடு அங்கே விளையாடியவர்களை நோக்கித் திரும்புகிறார். அண்ணன் அப்ஜு 1865-இல் இறந்தார், அக்கா அரு 1874-இல். அதன்பின் பேச்சு மரத்தையே நோக்கித் திரும்புகிறது. கேட்பவர் மாறிக்கொண்டே போகிற அந்த இடங்களைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பாட்டைப் படித்த பிள்ளைகள், இது கையறுநிலை, இழப்பை எண்ணி வருந்தும் பாட்டு, என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். தோருவும் 1877-இல், 21 வயதில், காசநோயால் இறந்தார். கவிதை நூலாக வந்தது 1882-இல்.

விவாதம் தமிழில் நடக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நடக்கலாம் என்பேன். சிந்தனை ஓடும்போது வினைச்சொல்லின் காலத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் சிந்தனை நின்றுவிடும். தமிழில் பேசட்டும், சான்று வரியை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துக் காட்டட்டும், பின்னர் தாங்கள் சொன்னதை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்களாக எழுதட்டும். சொல்ல ஒன்று இருக்கும்போதுதான் அதற்கான ஆங்கிலத்தைத் தேடுவார்கள். பேசாத பிள்ளைகளை எழுப்பி நிறுத்த வேண்டாம். அவர்கள் எழுதியதை, பெயர் சொல்லாமல், நீங்கள் உரக்கப் படியுங்கள்.

தேர்வைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இடஞ்சுட்டி விளக்கும் வினாவில் பேசுபவர், சூழல், பொருள் மூன்றையும்தானே கேட்கிறார்கள்? காட்சியைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை மனப்பாடம் இல்லாமலே எழுதிவிடும். எல்லாக் கவிதைக்கும் இப்படி நேரம் செலவிட முடியாது, பாடத்திட்டம் விடாது. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை வழக்கம்போல் நடத்துங்கள்.

முதல் முயற்சிக்கு ஜேக்விஸின் பேச்சையே எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை நாடகத்திலிருந்து எடுத்து அரைப் பக்கத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியருக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை, முழு நாடகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 28 வரிகளையும் படித்து முடித்து, இதுதான் வாழ்க்கையா என்று பிள்ளைகள் சோர்ந்திருக்கும்போது அந்த அரைப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். ஆடம் உள்ளே வருவதை அவர்களே படித்துக் கண்டுபிடிக்கட்டும்.